எட்டு மணிக் காற்று

சனிக்கிழமை மதியம். தேக்கா சந்தையை ஒட்டிய சந்தில் ஒரு பூக்கடை. என்னோடு வேலை செய்யும் அந்தோணி மல்லிகைச் சரத்தைக் கையில் வாங்கி, தன் மூக்கில் வைக்காமல் என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.

“சார், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வாசனை இருக்கா?”

பூக்காரம்மாவுக்கு எரிச்சல். “ஏண்ணே, ஒங்களுக்கு மூக்கு இல்லியா? வாரா வாரம் சாரையே மோந்து பாக்கச் சொல்றீங்க.”

“மூக்கு இருக்கும்மா. டாக்டர்கிட்ட எம்.சி. எடுத்துக்கிட்டு லீவுல இருக்கு லா.”

நான் குனிந்து முகர்ந்து பார்ப்பேன். அன்றைய பூவென்றால் வாசனைக்கு அடியில் ஒரு பச்சை நெடி இருக்கும். நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் ஈரச் செய்தித்தாளின் புளிப்பு வரும். “நல்லா இருக்கு, வாங்கலாம்” என்பேன். அவர் இரண்டு முழம் வாங்குவார். ஒரு முழம் மனைவி ஸ்டெல்லாவின் தலைக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காக. இன்னொரு முழம் வீட்டில் இருக்கும் மாதா படத்துக்கு.

நான் எண்ணியவரை எண்பத்து மூன்று சனிக்கிழமைகள் அவர் மூக்குக்குப் பதிலாக என் மூக்கு வேலை செய்தது.

அந்த மூக்கு போனதில் எனக்குள்ள பங்கைத்தான் இந்த வாரப் பத்திரிகைக் கட்டுரையில் எழுத வேண்டும். மூன்று வாரங்களாக வேறு எதையாவது எழுதித் தள்ளிப்போட்டு வந்தேன்.

மரம் நட்டீர்களா?

பிடோக்கிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். “சுற்றுச்சூழல் மேலாளராக இருந்ததாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். அது என்ன வேலை? மரம் நட்டீர்களா?” என்று கேட்கிறார்.

நட்டேன் அம்மா. இரண்டு நட்டேன். ஒன்று பட்டுப்போயிற்று.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி ஒரு பதவியே கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், ஜூரோங்கில் ஓர் உலோகப் பூச்சுத் தொழிற்சாலையில் ஆய்வுக்கூட உதவியாளனாகச் சேர்ந்தேன். எல்லாரும் ‘கெமிஸ்ட்’ என்று கூப்பிட்டார்கள். வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

காலை ஆறு நாற்பதுக்கு ஃபேரர் பார்க்கில் கம்பெனி பஸ் வரும். நாற்பத்து மூன்று இருக்கைகள். வழியில் பதினெட்டு சாலை விளக்குகள். அவற்றில் ஒன்பதுக்கு மேல் சிவப்பாக இருந்தால் அன்று ஏதோ கெடுதல் நடக்கும் என்று நினைப்பேன். எண்ணுவது என் பழக்கம், இன்றும் விடவில்லை. இதை எழுதும் மேசைக்கும் கழிவறைக்கும் இடையே பதினாலு எட்டு. போன வருடம் பன்னிரண்டாக இருந்தது.

தொழிற்சாலையில் பதினோரு தொட்டிகள். தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, சைக்கிள் மணி என்று எது வந்தாலும் முதல் தொட்டியில் மங்கலாக இறங்கி, பதினோராவது தொட்டியிலிருந்து முகம் பார்க்கும்படி பளபளவென்று ஏறும். அந்தக் கடைசித் தொட்டி குரோமியத் தொட்டி. உள்ளே இருக்கும் அமிலம் கெட்டியான தேநீர்ச் சாயம் போல இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது கொதிப்பது போல் குமிழ் விடும். குமிழ்கள் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சாரல் மேலே எழும். பக்கத்தில் நின்றால் நாக்கில் ஐந்து காசு நாணயத்தை வைத்தது போல் இருக்கும்.

அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றவர் அந்தோணி. தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். “எங்கப்பா தூக்குனது வெறும் அரிசி சார். நான் தூக்குறது எல்லாம் வெள்ளி மாதிரி மின்னுது. முன்னேறிட்டம்ல?” என்று சிரிப்பார். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டியிருப்பார். மதியத்துக்குள் அது மஞ்சளாகிவிடும்.

கத்திரிக்காய் நிறம்

எழுபதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தண்ணீரையும், உள்ளே தொழிலாளர் சுவாசிக்கும் காற்றையும் வாரம் ஒரு முறை அளந்து, பதிவு செய்து வைக்க வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. மானேஜர் லிம் அதை என்னிடம் கொடுத்தார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், எண்ணும் பைத்தியமும் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

காற்றை அளப்பது பெரிய வித்தையில்லை. ஒரு சின்னப் பம்பு, ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் கொஞ்சம் தண்ணீர். வேலை செய்கிறவரின் மூக்குக்கு அருகே குப்பியின் வாயை வைத்தால் அவர் இழுக்கும் காற்றைப் பம்பும் இழுக்கும். அரை மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டு விட வேண்டும். குரோமியம் இருந்தால் ஊதா நிறம் வரும். லேசான ஊதா என்றால் பயமில்லை.

முதல் தடவை பத்தரை மணிக்கு அளந்தேன். ஊதா வரவில்லை. கத்திரிக்காய்த் தோல் நிறம் வந்தது.

நம்பாமல் மூன்று தடவை செய்தேன். மூன்று கத்திரிக்காய். மூன்று குப்பிகளையும் மரத்தாங்கியில் வைத்து லிம்மின் அறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதன் தொனியைத் தமிழில் தர முயல்கிறேன்.

“இது என்ன, குடிக்கிற சிராப்பா?” என்றார்.

“பதினோராவது தொட்டியின் காற்று. அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு. உறிஞ்சும் விசிறி போட வேண்டும். பெரியதாகப் போட வேண்டும்.”

அவர் குப்பிகளை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. என் மகளுக்கு அம்மை போட்டபோது தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்.

“எத்தனை மணிக்கு அளக்கணும்னு கடுதாசியில போட்டிருக்கா?”

“பார்க்கிறேன்.”

பார்த்தேன். முன்னும் பின்னுமாக நாலு பக்கம், மூன்று தடவை படித்தேன். வாரம் ஒரு முறை என்று இருந்தது. எத்தனை மணிக்கு என்று இல்லை.

“இல்லை” என்றேன்.

“அப்போ உனக்கு வசதியான நேரத்துல அள லா. பத்தரை மணிக்கு எல்லாரும் பிஸி. நீ போய் நடுவுல நிக்கிறே. யாராவது அமிலத்துல விழுந்தா?”

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நானும் எழுதவில்லை.

ஏழு பத்திகள்

காலை ஏழரைக்கு வேலை தொடங்கும். பொருள்களைச் சட்டத்தில் மாட்டி, தொட்டிகளைச் சூடேற்றி, மின்சாரம் போட எட்டே முக்கால் ஆகும். அதுவரை பதினோராவது தொட்டி தூங்கும். மேற்பரப்பில் ஒரு குமிழ் இருக்காது. அதில் கூரை விளக்குகளை எண்ணலாம். ஆறு.

அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு செவ்வாயும் எட்டு மணிக்குப் பம்பை வைத்தேன். எட்டரைக்கு எடுத்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. உற்றுப் பார்த்தால் ஊதாவின் நிழல் மாதிரி ஒன்று.

பதிவு செய்ய ஒரு படிவம் வேண்டும். அதை நானே வடிவமைத்தேன். தேதி, தொட்டி எண், தொழிலாளர் பெயர், பம்பின் வேகம், எத்தனை நிமிடம், அளவு, கையெழுத்து. ஏழு பத்திகள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஸ்டென்சில் வெட்டி, நூறு நூறாக நகலெடுத்தேன்.

எத்தனை மணி என்பதற்குப் பத்தி வைக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் இருக்கைகளை எண்ணுகிறவன், சாலை விளக்குகளை எண்ணுகிறவன், நேரத்தை மட்டும் மறப்பானா?

இதே வருடங்களில் தண்ணீர் விஷயத்தில் நான் நன்றாக வேலை செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சளாக வந்த கழிவு நீரை மருந்து போட்டுப் பச்சையாக்கி, சுண்ணாம்பு போட்டுச் சேறாகப் படியவைத்து, தெளிந்த நீரைத்தான் கால்வாயில் விட்டோம். கால்வாயில் மீன் குஞ்சுகளைப் பார்த்தேன். ஒருநாள் இருபத்தேழு எண்ணினேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! ஆய்வுக்கு வந்தவர்கள் கை குலுக்கினார்கள். வெளியே போகும் தண்ணீரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உள்ளே இருந்த காற்றை அந்தோணி மட்டுமே சுவாசித்தார்.

நூல் கோக்கும் வித்தை

ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் சிரிப்புச் சத்தம். அந்தோணி ஒரு வெள்ளை நூலை ஒரு நாசியில் விட்டு, கண் கலங்கத் தும்மி, மறு நாசியிலிருந்து இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாசிக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை விழுந்திருந்தது.

“கோத்துட்டம்ல! பொத்தான் இருந்தா கொண்டாங்க, தைச்சுத் தாறேன்.”

சுற்றி நின்று ஆறு பேர் சிரித்தார்கள். ஆறாவது ஆள் நான்.

குரோமியத் தொட்டியில் நிற்பவர்களுக்கு இப்படி ஆகும் என்று நான் படித்திருந்தேன். படித்த புத்தகம் என் மேசையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மூச்சு விடும்போது மெலிதாக ஒரு விசில் வரும். “கோயில்ல கண்ண மூடி செபம் பண்றேன் சார், முன்னாடி பெஞ்சுல ஒருத்தன் எவன்டா விசிலடிக்கிறான்னு திரும்பிப் பாக்குறான்” என்றார். அதற்கும் சிரித்தோம். பஸ்ஸில் எனக்குப் பின் இருக்கையில்தான் உட்காருவார். பதினெட்டு விளக்குகளுக்கும் அந்த விசில் என் பிடரியில் கேட்கும்.

வாசனை போனது அப்புறம்தான் தெரிந்தது. அடுப்பில் கருகும் சோறு தெரியவில்லை. கெட்டுப்போன மீன் தெரியவில்லை. சிராங்கூன் சாலையில் என்னோடு வந்து ஒரு டப்பா மூக்குப்பொடி வாங்கினார். அதுவரை அவருக்குப் பொடிப் பழக்கம் கிடையாது. “ஏதாச்சும் ஒண்ணு உள்ள போயி சுருக்குனு குத்துதான்னு பாப்பம் சார்” என்றார்.

இதையெல்லாம் வேடிக்கையாகவே சொல்லி வந்தவர், ஒரு சனிக்கிழமை பூப்பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி சொன்னார்:

“புள்ளயத் தூக்கி உச்சி மோந்தேன் சார். ஒண்ணுமே வரல. காத்தத் தூக்கி வச்சிருக்க மாதிரி இருக்கு.”

ஒரே ஒரு தடவை

எண்பதுகள் தொடங்கியிருந்தன. கிளினிக் மருத்துவர் அவர் மூக்கைப் பார்த்துவிட்டு, குரோமியத் தொட்டியிலிருந்து மாற்ற வேண்டும் என்று கடிதம் கொடுத்தார். சரக்குக் கிடங்கில் ஒரு இடம் காலியாக இருந்தது. பெட்டிகளை எண்ணும் வேலை. அந்தோணிக்கு அது கிடைத்தால் போதும்.

லிம் என் படிவக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். “காற்று நல்லா இருக்குன்னு உன் காகிதம் சொல்லுது. அப்போ அவன் மூக்கு தொட்டியால கெடல. ஒருத்தனை மாத்தினா நாளைக்குப் பத்துப் பேர் வருவான்.”

விவகாரம் மேலே போனது. நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விசாரணை என்று தேதி வந்தது. நாலு வாரம் இருந்தது.

மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் அந்தோணி வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செருப்பில் அமிலம் இருக்கும் என்று அவர் எப்போதும் வாசலோடு நிற்பார்.

“சார், வாரா வாரம் எட்டு மணிக்கு மிஷின வைப்பீங்கள்ல.”

“ஆமா.”

“கரண்டு போட்டப்புறம் ஒரு தடவ வைங்க சார். ஒரே ஒரு தடவ. அந்தத் தாளையும் சேத்து வைங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்.”

அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை செவ்வாய்க்கிழமைகளும், மூக்கருகே நான் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம், குமிழ் விடாத தொட்டியை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“பாக்குறேன் அந்தோணி” என்றேன்.

முதல் செவ்வாய் போனது. இரண்டாவது போனது. மூன்றாவது செவ்வாய் பத்தரைக்குப் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் தொட்டி, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது தொட்டி வரை போனேன். அங்கிருந்து அந்தோணியின் முதுகு தெரிந்தது. அந்த வாரம்தான் லிம் சொல்லியிருந்தார், எனக்காக ஒரு புதுப் பதவி உண்டாக்கப் போவதாக, அதற்கு என் கோப்புகளின் ஒழுங்கே காரணம் என்று. நான் திரும்பி வந்தேன். நான்கு தொட்டிகள், முப்பத்தொரு எட்டு.

நான்காவது செவ்வாய் எட்டு மணிக்கே அளந்தேன்.

விசாரணை

சிறிய அறை. மேசைக்கு இந்தப் பக்கம் அந்தோணியும் நானும். மேசைக்கு அந்தப் பக்கம் இளம் பெண் அதிகாரி ஒருவர். மூக்குக் கண்ணாடி, மடித்துவிட்ட சட்டைக் கை. பக்கத்தில் ஒரு மருத்துவர். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அன்று உடம்பு சரியில்லை. நான் உதவ முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன்.

அதிகாரி என் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருநூற்றுப் பதினாலு தாள்கள். அத்தனையும் அளவுக்குள்.

“மிகவும் ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள்” என்றார். பிறகு ஒரு தாளில் விரல் நின்றது. மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எதையோ தேடினார். அவர் எதைத் தேடுகிறார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

“இவையெல்லாம் வேலை நடக்கும்போது எடுத்தவைதானே?”

“எல்லாம் வேலை நாட்களில் எடுத்தவை” என்றேன்.

அவர் தலையசைத்துத் தாளைத் திருப்பினார்.

பிறகு மருத்துவர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: “மூக்குப்பொடி போடுற பழக்கம் உண்டான்னு கேக்குறாங்க.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தோணி மேசையின் மீது கைகளை வைத்துக்கொண்டு, “போடுவேன்” என்றார்.

ஆங்கிலத்தில் “போடுவார்” என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மூக்கு செத்த பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. எப்போதிருந்து என்று யாரும் கேட்கவில்லை. முதல் டப்பா வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். நடுவில் ஒரு இருக்கை காலி விட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மூக்கின் விசில் கேட்டுக்கொண்டே வந்தது.

“பரவால்ல சார்” என்றார் கடைசியில். “நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே.”

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டாவது பத்தி

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மூக்குப் பாதிப்புக்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும், பணியிடக் காற்று அளவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. காற்று நன்றாக இருக்கும் இடத்திலிருந்து ஒருவரை எதற்காக மாற்ற வேண்டும்? அந்தோணி பதினோராவது தொட்டிக்கே திரும்பினார். இன்னும் மூன்று வருடம் நின்றார். பிறகு வேலையை விட்டுவிட்டார். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

அதே மாதத்தில் என் அறைக் கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். சுற்றுச்சூழல் மேலாளர். என் படிவத்தைக் கம்பெனியின் மற்ற இரண்டு தொழிற்சாலைகளும் எடுத்துக்கொண்டன. ஒரு மாலை அளவுகோலையும் ஸ்டென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு பத்திகளுக்குப் பக்கத்தில் எட்டாவதற்குத் தாராளமாக இடம் இருந்தது. ஒரு விரற்கடை. கோடு போடவில்லை. நேற்றுவரை ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ஓய்வு பெறும் நாளிலும் அதில் ஏழு பத்திகள்தான் இருந்தன. பிரிவு விழாவில் பேசியவர் சொன்னார், என் வேலைக் காலம் முழுவதிலும் ஒரு எண்ணைக்கூட யாரும் தவறென்று நிரூபித்ததில்லை என்று. கை தட்டினார்கள். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு இந்த வயதில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு வந்த வாரத்துச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

வழக்கம்போல் கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிட்டது. வழக்கம்போல் சேர்ந்து நடந்தோம். பூக்கடையில் அந்தோணி சரத்தைக் கையில் வாங்கினார். பழக்கதோஷத்தில் நான் குனிந்தேன். என் முகம் பாதி வழி போய்விட்டது.

அவர் கை அந்தப் பக்கம் திரும்பியது. காய்கறிக் கூடையோடு நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நீட்டினார்.

“தங்கச்சி, இதுல வாசனை இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.”

பூக்காரம்மா என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, “இருக்குண்ணே, நல்லா இருக்கு” என்றாள். அவர் இரண்டு முழம் வாங்கிக்கொண்டார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அங்கேயே எனக்கு வாசனை வந்தது. அடியில் அந்தப் பச்சை நெடியும் வந்தது. அன்றைய பூதான். என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.